கூடாரமும் பிற்பகல் மழையும்

சித்திரை மாதத்தில் மலைப்பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம் என்று சொன்னால், பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி "மழ வந்தா என்ன செய்யிற?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மாதத்தில் மழை 'வந்தால்' என்று பேசுவதற்கில்லை; அநேகமாக வரத்தான் போகிறது. எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் பெய்யும், அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்க வேண்டும் என்பவையே அதைவிடப் பயனுள்ள கேள்விகள். என் தம்பியின் பத்தாவது பிறந்தநாளுக்காக எங்கள் குடும்பம் நக்கிள்ஸ் மலைப்பக்கம் சென்று ஓர் இரவு கூடாரத்தில் தங்கியது. அப்போது அறிந்துகொண்டவற்றை, போக விரும்பும் தோழியருக்கும் அவர்களை அனுப்பத் தயங்கும் உம்மாமாருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு நாளைத் தள்ளிப்போட வழியிருக்கவில்லை. வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். தம்பிக்கு நான்கு வயதாக இருக்கும்போது போனவர். இடையில் லீவில் வந்திருக்கிறார். ஆனால் அவனுடைய பிறந்தநாள் எதற்கும் வீட்டில் இருக்கவில்லை. இம்முறை லீவு ஏப்ரலில் கிடைத்தது, பிறந்தநாளும் அதற்குள் வந்தது. "என்ன வேணும்?" என்று வாப்பா தொலைபேசியில் கேட்டபோது அவன் சைக்கிள்தான் கேட்பான் என்று எல்லோரும் நினைத்தோம். "டென்ட்ல படுக்கணும். நீங்களும் படுக்கணும்" என்றான். வாப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அங்கேயே இரண்டு கூடாரங்களை வாங்கி, சாமான்களோடு கொண்டுவந்து சேர்த்தார்.

உம்மும்மாவுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம் என்ற சொல்லே பிடிக்காது. மெழுகுதிரி ஊதுவதும் கேக் வெட்டுவதும் எங்கள் பழக்கமல்ல என்பார். இவ்விடயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆராய எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டில் ஏற்பட்ட உடன்பாடு இதுதான்: கேக் இல்லை, மெழுகுதிரி இல்லை, குடும்பமாகப் பயணம் போகலாம், வட்டலப்பம் செய்யலாம். "பத்து வயசு எண்டா சின்ன விசயமில்ல. இனி தொழுகைய விட்டா கணக்குக் கேக்கிற வயசு" என்றார் உம்மும்மா. அப்படியானால் அவருக்கும் அந்த நாள் முக்கியமானதுதான் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இனி மழைக்கு வருவோம்.

எமது நாட்டின் வானிலை ஆண்டை நான்காகப் பிரிப்பதைப் புவியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் ஆகியவை இரண்டு இடைப்பருவங்கள். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடும் இந்தப் பிரிவுதான் கூடாரம் அடிப்பவருக்கு மணிக்கூடு. பருவக்காற்று மழை இரவு பகல் பாராமல் நாட்கணக்கில் பெய்யக்கூடியது. இடைப்பருவ மழை அப்படியல்ல. ஏப்ரல் 5 முதல் நடுப்பகுதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. காலையில் தரை கடுமையாகச் சூடேறுகிறது. சூடான வளி ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலெழுகிறது. கரையோரத்திலிருந்து வரும் கடற்காற்றும் மலையில் மோதி அதற்குத் துணைபோகிறது. நண்பகலில் வெள்ளைப் பஞ்சுபோல் இருந்த முகில் இரண்டு மணிக்குள் கரிய கோபுரமாகிவிடும். புத்தகத்தில் மேற்காவுகை மழை என்று நாம் எழுதுவது இதைத்தான். பெய்ததும் தரை குளிரும். தரை குளிர்ந்ததும் முகிலுக்கு ஊட்டம் நின்றுவிடும். பெரும்பாலும் மாலையில் வானம் வெளித்துவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஏப்ரல் மாத அறிக்கைகளில் பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை என்ற செய்தி அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே வாப்பாவும் மாமாவும் போட்ட திட்டம் எளிமையானது. சுப்ஹ் தொழுததும் புறப்படுவது, பதினொரு மணிக்கு முன் கூடாரத்தை அடித்து முடிப்பது, இரண்டு மணிக்குப் பின் எவரும் தண்ணீரிலோ உயரமான இடத்திலோ இருக்காமல் பார்த்துக்கொள்வது.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறினால் ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் றிவஸ்டன். அதைக் கடந்து மறுபுறம் இறங்கினால் இலுக்கும்புர. சிங்களத்தில் தும்பர எனப்படும் இம்மலைத்தொடர், மூடிய கையின் விரல் முட்டிகள் போலத் தோன்றியதால் ஆங்கிலேயரிடம் நக்கிள்ஸ் என்ற பெயரைப் பெற்றது. 2010 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. மழையைப் பொறுத்தவரை இம்மலை ஒரு சுவர். தென்மேல் பருவத்தில் இரத்தோட்டைப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்க, மலையைத் தாண்டினால் லக்கலப் பக்கம் வெயில் எரிப்பதும் உண்டு. மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்ட காற்று, கிழக்கே வரண்டு இறங்குகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்லும் காற்றும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ்; அப்போது கிழக்குச் சரிவு நனையும். எங்கள் பயணம் டிசம்பரில் அமைந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே கூடாது என்பது என் கருத்து.

பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் தங்குவதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. கிராமத்தவர் ஒருவரின் சொந்தக் காணியில் தங்கினோம். அதற்குக் காரணம் உம்மா விதித்த மூன்று நிபந்தனைகள்: கதவுள்ள மலசலகூடம், வுழூ செய்ய மறைவான இடம், கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வேன். முதல் இரண்டும் பெண்களுக்குத் தேவை என்று எவருக்கும் விளங்கும். மூன்றாவது எதற்கு என்று அப்போது தங்கச்சி சிரித்தாள்.

இடம் தெரிவதில் தம்பிக்கும் வாப்பாவுக்கும் சிறு இழுபறி. அவனுக்குக் கீழே ஓடையருகில் இருந்த மணற்திட்டு பிடித்துவிட்டது. பார்க்க அழகான இடந்தான். ஆனால் மலையில் ஓடைக்கரை படுக்கிற இடமல்ல. நம் தலைக்கு மேல் வெயில் இருக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை பத்து நிமிடத்தில் வந்து சேரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ பொருட்களைப் பொறுக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். காணிக்காரரும் சிங்களத்தில் அதையே சொன்னார். அவர் காட்டிய இடம் ஓடையிலிருந்து நன்கு மேலே, மெல்லிய சரிவான புற்தரை. முற்றிலும் மட்டமான நிலம் நல்லதென்று தோன்றும்; மழையில் அதுதான் குளமாகும். சிறு சரிவு இருந்தால் நீர் ஓடிவிடும், தலையை மேட்டுப்பக்கம் வைத்துப் படுத்துக்கொள்ளலாம். தனித்து நிற்கும் பெரிய மரத்தின் கீழும், காய்ந்த கொப்பு தொங்கும் மரத்தின் கீழும் கூடாரம் அடிக்கக் கூடாது.

கூடாரம் வாங்குபவர்கள் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 1000 மில்லிமீற்றர், 3000 மில்லிமீற்றர் என்றிருக்கும். அத்துணியின் மேல் அவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்பதே அதன் பொருள். 1500க்குக் குறைந்தது எங்கள் மழைக்குத் தாங்காது. கூடாரத்துக்கு மேல் விரிக்கும் வெளித்துணி உள்துணியில் முட்டாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். முட்டினால் அந்த இடத்தால் ஈரம் இறங்கும். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடிக்க வேண்டும். கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் தறப்பாள் வெளியே ஒரு சாண் கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிதாக இருந்தால் நல்லதென்று நினைப்போம். அது மழைநீரைப் பிடித்து நேரே முதுகுக்குக் கீழே கொண்டுவந்துவிடும். நீட்டிய பகுதியை உள்ளே மடித்துவிட வேண்டும்.

ளுஹர் தொழுது முடித்த பின், இரண்டு மணி கடந்தபோது காற்று நின்றது. பறவைச் சத்தமும் அடங்கியது. பிறகு மலையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று சடாரென்று இறங்கியது. மேலே பெய்யத் தொடங்கிய மழை குளிர்வித்த வளி கனமாகிக் கீழே விழுந்து பரவும்போது இப்படி வரும். மழை பின்னால் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிவித்தல் இல்லை. "எல்லாரும் வேனுக்கு" என்றார் வாப்பா. தம்பி கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். பிறந்தநாளன்று, அவ்வளவு ஆசையோடு அடித்த கூடாரத்தை விட்டு, பள்ளிக்கூடம் போவதுபோல் வேனில் ஏறச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? வாப்பா அதட்டவில்லை. "வா, இடி எவ்வளவு தூரத்தில ஈக்கிதெண்டு கணக்குப் பாப்போம்" என்று சொல்லித்தான் அழைத்துவந்தார்.

கணக்கு இதுதான். மின்னலின் ஒளி உடனே கண்ணுக்கு வந்துவிடும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் நகரும். ஆகவே மின்னியதிலிருந்து இடி கேட்கும் வரை செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால், கிலோமீற்றரில் தூரம் வந்துவிடும். தம்பி வாப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். முதலில் 18 செக்கன்: 6 கிலோமீற்றர். அடுத்து 9: வெறும் 3. பிறகு 4. அதன் பின்னர் அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டு வாப்பாவின் மடியில் ஏறிக்கொண்டான். இதில் தெரிந்திருக்க வேண்டிய அளவு 30 செக்கன். அதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. மறைவுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணிநேரம் செல்லும் வரை வெளியே வரக் கூடாது.

கூடாரம் மின்னலுக்கு மறைவல்ல. துணியும் மெல்லிய கம்பியும் எதையும் தடுக்கா. வேன் மறைவாகும், ஆனால் பலர் நினைப்பதுபோல் றப்பர் டயரால் அல்ல. முகிலிலிருந்து அவ்வளவு தூரம் வளியைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்குச் சில அங்குல றப்பர் ஒரு தடையா? வேனின் உலோக உடல்தான் மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே நிலத்துக்குக் கடத்திவிடுகிறது. கண்ணாடிகளை மூடி, உலோகப் பகுதிகளைத் தொடாமல் நடுவில் இருக்க வேண்டும். உம்மாவின் மூன்றாவது நிபந்தனை எதற்கென்று தங்கச்சிக்கு அப்போது விளங்கியது.

மழை அடித்த அடியில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. உம்மும்மா மழைக்கான துஆவை ஓதிவிட்டுத் தஸ்பீஹில் இருந்தார். ஒரு மின்னல் வெளிச்சத்தில் பார்த்தால், சிறிய கூடாரத்தின் ஒரு முளை கழன்று வெளித்துணி கொடிபோல் அடித்துக்கொண்டிருந்தது. "என்ட டென்ட்!" என்று தம்பி கத்தினான். வாப்பா கதவுப்பிடியில் கை வைத்தார். உம்மா அவரது தோளைப் பிடித்தார். "டென்ட் போனா இன்னொண்டு வாங்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வாப்பா கையை எடுத்தார். அந்த ஐந்து நிமிடம் எங்கள் வேனுக்குள் இருந்த அமைதியை நான் எழுதி விளக்க முடியாது. ஆனால் கூடாரப் பயணம் பற்றி எழுதும் எவரும் அந்த இடத்தைத் தாண்டிப்போகக் கூடாது. ஏனென்றால் ஆபத்து வருவது பெரும்பாலும் மழையால் அல்ல, மழைக்குள் எதையாவது காப்பாற்ற ஓடுவதால்தான்.

ஒன்றரை மணிநேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. பின்னும் அரை மணிநேரம் காத்திருந்தோம். நின்றிருக்காவிட்டால் அன்றே வீடு திரும்புவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். மண்சரிவு பற்றிய எல்லையையும் வாப்பா குறித்துவைத்திருந்தார். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்வதன்படி, சரிவான இடங்களில் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணிநேரத்தில் 75 பெய்தால் வெளியேறிவிட வேண்டும். மலைநாட்டார் இதை இலேசாக எடுக்க முடியாது. 2014 இல் மீரியபெத்தையிலும் 2016 இல் அரநாயக்கவிலும் மண்ணுக்குள் போனவை முழுக் குடியிருப்புகள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளலாம். றிவஸ்டன் தாண்டினால் சில இடங்களில் சிக்னல் இருக்காது என்பதால், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது அதைவிட முக்கியம்.

பெரிய கூடாரத்துக்குள் ஒரு துளி நீரும் இறங்கவில்லை. சிறியதன் ஒரு மூலை நனைந்திருந்தது. ஒரு முளை கொக்கிபோல் வளைந்திருந்தது. வாப்பா அதைக் கல்லில் வைத்துத் தட்டிப் பார்த்தார், நிமிரவில்லை. கயிற்றை ஒரு பாறையில் கட்டினோம். அஸருக்குப் பின் தறப்பாளை உயர்த்திக் கட்டி, அதன் கீழ் பாய் விரித்து, உம்மா காலையிலேயே சமைத்துக்கொண்டுவந்த நெய்ச்சோற்றை ஸஹனில் கொட்டினார். ஆறு பேருக்கான ஸஹனில் ஏழு பேர். கோழிக்கறி, மாசிச் சம்பல், அச்சாறு. சிறிய கேஸ் அடுப்பைத் தறப்பாளின் கீழ்தான் மூட்டினோம்; எவ்வளவு குளிரானாலும் மழையானாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. துணி தீப்பிடிப்பது ஒருபுறம். மூடிய இடத்தில் சேரும் காபனோரொட்சைட்டு மணமோ நிறமோ காட்டாமல் உயிரை எடுத்துவிடும். கடைசியாக வட்டலப்பம். காணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு தட்டு போனது. அங்கிருந்து பதிலுக்குக் கித்துள் கருப்பட்டியும் சூடான பிளேன்டீயும் வந்தன.

மஃரிபுக்குத் தம்பி பாங்கு சொன்னான். மத்ரஸாவில் பழகியது; வெளியே சொல்வது அதுவே முதற்தடவை. மழை கழுவிவிட்ட மலையில் சத்தம் போய் எங்கோ பட்டுத் திரும்பி வந்தது. இடையில் ஒருமுறை நிறுத்தி அந்த எதிரொலியைக் கேட்டான். பிறகு முடித்தான். வாப்பா தொழுவிக்க, ஈரப் புல்லின் மேல் தறப்பாளைப் போட்டு எல்லோரும் தொழுதோம். பயணத்தொழுகையாகச் சுருக்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். மாத்தளையிலிருந்து வந்த தூரம் அதற்குப் போதாது என்றார் மாமா.

இரவைப் பற்றிச் சில குறிப்புகள். உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். மழைக்குப் பின் இன்னும் குளிரும். குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் அதிகம் வருகிறது. எனவே போர்வை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, கீழே விரிப்பு தடிப்பாக இருக்க வேண்டும். நித்திரைக்கென்று ஒரு சோடி உடுப்பையும் காலுறையையும் பொலித்தீனில் சுற்றித் தனியே வைத்து, என்ன நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய காலுறை உதவும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தைத் தள்ளிக் கழற்றலாம். உம்மும்மா கூடாரத்தை வெளியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வேனின் பின் இருக்கையிலேயே படுத்துக்கொண்டார்.

விடியற்காலை உள்துணியில் துளித்துளியாக நீர் நின்றது. கூடாரம் ஒழுகிவிட்டதென்று தங்கச்சி பதறினாள். அது மழையல்ல, எங்கள் மூச்சு. இரவு முழுவதும் நாம் வெளிவிடும் நீராவி குளிர்ந்த துணியில் பட்டு ஒடுங்குகிறது. குளிருக்குப் பயந்து யன்னல் வலையை முற்றாக மூடினால்தான் இது கூடும். மேற்பக்கம் சிறிது திறந்திருக்க வேண்டும். தம்பி எதையும் அறியாமல் வாப்பாவின் கைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாப்பாவின் கை விறைத்துப்போயிருக்க வேண்டும், அவர் அசையவில்லை.

திரும்பும் வழியில் பிட்டவல பத்தனையைப் பார்த்தோம். பெரும் பாறையின் மேல் மெல்லிய மண், அதன் மேல் புல். முதல்நாள் மழை அங்கே நிலத்தில் இறங்க வழியில்லாமல் பாறை வெடிப்புகளால் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே முளை அடித்தால் நாலு விரற்கடைக்கு மேல் இறங்காது என்றான் தம்பி, அனுபவசாலிபோல்.

நனைந்த கூடாரத்தை வீட்டுக்கு வந்தும் சுருட்டியபடியே வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும், துணியின் பூச்சும் உரியும். வெயிலில் நாட்கணக்கில் போடுவதும் கூடாது; நிழலில் காற்றுப்பட விரிப்பதே நல்லது. எங்களுடையது மேல்மாடியில் இரண்டு நாட்கள் தொங்கியது. கட்டாருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் இரவு வாப்பா ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்து மடித்தார். தம்பி முளைகளை எண்ணிப் பையில் போட்டான். பையின் மேல் ஒட்டிய கடதாசியில் வாப்பாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "முளை 14. ஒன்று வளைந்தது. அடுத்த முறை வாங்கிவர வேண்டும்."